கஜபதி கொடுத்த மைலேஜ்

செய்தி வந்தபோது மணி பதினொன்று இருக்கும். திருத்தணியில் சுலோச்சனா வேலை செய்த பவர்லூம் கூடத்தில் அப்போதுதான் கரண்ட் போயிருந்தது. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். தறிகள் அத்தனையும் ஒன்றாக நின்றுபோன அமைதியில், அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

பேசியவனை அவளுக்குத் தெரியாது. பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகப் பேசினான். ரோட்டில் கிடந்த போனை எடுத்து, அதில் கடைசியாகப் பேசியிருந்த நம்பருக்குப் போடுவதாகச் சொன்னான். குவாரி இறக்கத்தில் லாரி ஒன்று பாலத்துச் சுவரில் மோதிவிட்டது என்றான்.

"டிரைவருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஜல்லி மொத்தமும் முன்னால வந்து கேபின் மேல சரிஞ்சிடுச்சும்மா. தள்ளிகினு இருக்கோம்."

தம்பி பிரேம்குமார் வீட்டில் இருந்தான். அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து நகரி ரோட்டில் ஆந்திர எல்லையைத் தாண்டிப் போனாள். வழி நெடுக பைக்கை முறுக்கிக்கொண்டே போனான் அவன். ஆளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று பொய்க்குக்கூடச் சொல்லவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பொக்லைன் கைகொண்டு கல்லை வாரிக்கொண்டிருந்தார்கள். கேபின் நசுங்கிய தகரடப்பா மாதிரி இருந்தது. முதலில் தெரிந்தது அவள் புருஷன் கஜபதியின் வலது கை. ஜன்னலுக்கு வெளியே, தோளிலிருந்து திருகிக்கொண்டு தொங்கியது. கடப்பாரையால் கதவைப் பிளந்து இறக்கினார்கள். ஸ்டியரிங் நெஞ்சுக்குள் போயிருந்தது. முகத்தில் பாதிதான் முகமாக இருந்தது. இரண்டு காலும் பிரேக் மிதி மேலேயே இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தியிருந்தான். பின்சக்கர டிரம்மிலிருந்து பிரேக் கருகிய நாற்றம் இன்னும் வந்துகொண்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்த போலீஸ்காரர், கியர் நியூட்ரலில் கிடக்கிறது, சாவி அணைத்த பக்கம் திரும்பியிருக்கிறது என்று சத்தமாகச் சொல்லி இன்னொருவரை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

ஆள் யார் என்று கேட்டபோது, கூட்டத்திலிருந்த ஒரு டிரைவர் முந்திக்கொண்டு சொன்னான். "திருத்தணி ஷெட்டு வண்டி சார். டீசல் கஜான்னு சொல்வாங்க. டீசல் திருடி மாட்டினவன்."

அந்த மனுஷன் ஒரு சொட்டு டீசல் எடுத்ததில்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரும் அங்கேதான், பிணத்துக்குப் பக்கத்தில், வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

கஜபதி பள்ளிப்பட்டில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். நைனா கைத்தறி போட்டார். நன்றாக நெய்வார், அதைவிட நன்றாக அடிப்பார். பையன் இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டதற்காக ஒருநாள் கையிலிருந்த, இழை ஓட்டுகிற மரநாடாவை வீசினார். நாடாவின் இரும்பு முனை மூக்குத்தண்டைப் பிளந்தது. ரத்தம் தறியில் ஏற்றியிருந்த வெள்ளைப் பாவு நூலில் சொட்டியது. பாவு கறையானதற்குத் தனியாக இன்னொரு அடி. மூக்கில் துணியைச் சுற்றிக்கொண்டு அன்றைக்கே லாரி ஏறியவன், நைனா செத்தபோதுதான் அந்தத் தெருவுக்குத் திரும்பிப் போனான்.

லாரியில் மட்டும் என்ன வாழ்ந்தது. கிளீனராக இருந்த வருஷங்களில், தூங்கினால் முழங்காலில் வீல் ஸ்பேனரால் தட்டி எழுப்புவார்கள். வண்டி ஓட்டப் பழகியபோது கியர் அரைத்தால் பிடரியில் ஒன்று விழும். பட்டதையெல்லாம் பிறகு அவனும் திருப்பிக் கொடுத்தான், கொடுக்க வேண்டியவர்களுக்கு இல்லை, கையில் கிடைத்தவர்களுக்கு. அரக்கோணத்தில் வழிவிடாத ஒரு வேன்காரனின் முன்பல்லை உடைத்தான். கல்யாணமான புதிதில் சுலோச்சனாவையும் ஒருமுறை அறைந்தான். அவள் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தோசைக் கரண்டியை எடுத்து அவன் முன்கையில் வைத்தாள். தோல் கரண்டியோடு உரிந்து வந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் யார் மேலும் கை வைக்கவில்லை. தழும்பைக் கேட்பவர்களிடம் சைலன்சர் சுட்டது என்பான். அவளைப் பார்த்துக்கொண்டே சொல்வான்.

கைதான் முரடு. கால் பூனைக்கால். ஆக்சிலேட்டரை அவன் மிதிப்பது தெரியாது, வண்டி நகர்வதுதான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் கையில் டீ டம்ளர் இருந்தால் சிந்தாது. ஷெட்டில் இதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள், அவன் வண்டி ஓட்டவில்லை, தாலாட்டுகிறான் என்று.

சுலோச்சனாவின் அம்மா இறந்தபோது பிரேம்குமார் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அக்காவோடு வந்தவன், அக்கா புருஷனைப் பாவா என்று கூப்பிட்டுக்கொண்டு, அந்த வீட்டுப் பிள்ளையாகவே தங்கிவிட்டான். இவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. பிரேமுவை வாத்தியார் பிரம்பால் விளாசினார் என்று தெரிந்து, கஜபதி பள்ளிக்கூடத்துக்குப் போய் வாத்தியாரைச் சட்டையோடு தூக்கிச் சுவரில் சாத்தினான். மறுநாள் பிரேமுவை வேறு பள்ளியில் சேர்க்க வேண்டியதாயிற்று. பி.காம். வரை அவன்தான் படிக்க வைத்தான். தனக்குத் தெரியாத ஒன்றை அவனிடம் கேட்கும்போதெல்லாம் கஜபதிக்கு முகம் மலர்ந்துவிடும்.

அந்தப் பிரேமுதான் ஒருநாள் டை கட்டிக்கொண்டு, கையில் நீலப் பெட்டியோடு வந்தான்.

உள்ளங்கை அளவு இரும்புப் பெட்டி. உள்ளே இரண்டு காந்தம். டேங்கிலிருந்து என்ஜினுக்குப் போகிற டீசல் பைப்பை நடுவில் விட்டு, இரண்டு ஓரத்திலும் கிளிப் போட்டுத் திருகி இறுக்க வேண்டும். காந்தத்தைத் தாண்டும் டீசல் பொடிப்பொடியாக உடைந்து முழுசாக எரியும், புகை குறையும், மைலேஜ் ஏறும் என்றான். சென்னையில் ஒரு ஓட்டல் ஹாலில் கம்பெனிக்காரர்கள் கூட்டம் போட்டு, இரண்டு கண்ணாடி ஜாடியில் எரித்துக் காட்டினார்களாம். ஒன்றில் கரும்புகை, ஒன்றில் நீலச் சுடர். பிரேமு அதைக் கண்ணால் பார்த்தவன். விற்கத் தொடங்கியபோது அவன் யாரையும் ஏமாற்றுவதாக நினைக்கவில்லை.

கஜபதியின் முதலாளி கோதண்டபாணி. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு போடுகிற பரம்பரை விவசாயி. சீசனில் மில்லுக்குக் கரும்பு அடிக்கவும், மற்ற நாளில் குவாரி ஜல்லி அடிக்கவும் லாரிகள் வைத்திருந்தார். டீசல் விலை ஏற ஏற அவருக்கு டிரைவர்கள் எல்லாருமே திருடர்களாகத் தெரிந்தார்கள். முன்பு ஒருவன் நிஜமாகவே திருடியும் இருந்தான். ஒரு வண்டியில் மாட்டிப் பார்ப்போம், டேங்க்கை வழிய நிரப்பி ஒரு நடை போய்வந்து மறுபடி நிரப்பினால் தெரிந்துவிடும் என்றார். கஜபதியின் வண்டியில் மாட்டினார்கள்.

நடைக்கு முதல்நாள் பிரேமு சோறு சாப்பிடாமல் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் கேட்டுவிட்டான். "பாவா, நாளைக்குக் கொஞ்சம் பாத்து ஓட்டு."

"மிஷின் வேலை செய்யும்னா நான் ஏண்டா பாத்து ஓட்டணும்?"

"மொதல் தடவை செட் ஆவணும் பாவா."

"என்ஜின் செட் ஆவணுமா, எங்க ஓனரு மனசு செட் ஆவணுமா?" என்று கேட்டுவிட்டுக் கஜபதி சிரித்தான். சுலோச்சனாவும் சிரித்தாள். 

மறுநாள் அவன் ஓட்டியது இப்படி: டயருக்குக் காற்றை இறுக்கினான். யாரையும் முந்தவில்லை. ஜல்லி ஏறும்வரை என்ஜினை அணைத்துவைத்தான். லோடோடு குவாரி இறக்கத்துக்கு வந்ததும் கியரை நியூட்ரலில் தள்ளி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, பாலம் வரை சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு போனான். என்ஜின் பிடித்து நிறுத்தாத லோடு வண்டியை வெறும் பிரேக்கில் இறக்குவது எப்படிப்பட்ட வேலை என்று டிரைவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தான். பெட்ரோல் பங்கில் மறுபடி நிரப்பியபோது கோதண்டபாணி குழாயைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவுதானா, இவ்வளவுதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

எல்லா வண்டிக்கும் பெட்டி வாங்கினார். வாங்கியதை அப்படியே மாட்டியிருந்தால்கூடப் போயிருக்கும். தாம்பாளத்தில் பழம், தேங்காயோடு பெட்டிகளை அடுக்கி மலைக்கு எடுத்துப்போய், முருகன் சன்னதியில் வைத்து எடுத்துவந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் கிளிப்புக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துத்தான் மாட்டினார்கள். அதற்கப்புறம் அது வேலை செய்யவில்லை என்று சொல்ல ஷெட்டில் யாருக்கு வாய் வரும்? மைலேஜ் வராவிட்டால் குற்றம் பெட்டியில் இல்லை, ஓட்டுகிறவனிடம் என்று ஆகிவிட்டது. கோதண்டபாணி சொன்னதைக் கேட்டு ஊரில் மற்ற லாரிக்காரர்களும் வாங்கினார்கள். பிரேமு பைக் வாங்கினான்.

கஜபதிக்குச் சந்தேகம் முதல்நாளே இருந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு நடை பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு அதே பூனைக்காலோடு, அதே நியூட்ரலோடு ஓட்டிப் பார்த்தான். அதே மைலேஜ் வந்தது. இன்னொரு நடை பெட்டியை மாட்டிக்கொண்டு எல்லாரையும் போல ஓட்டினான். பழைய மைலேஜ்தான் வந்தது. பெட்டி இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. இதை அவன் பிரேமுவிடம் சொன்னபோது, நாளாக நாளாக வேலை செய்யும் என்று கம்பெனியில் சொல்கிறார்கள் என்றான் பிரேமு. பிறகு அழுதான். வாங்கியவர்கள் எல்லாரும் கை நீட்டத் தயங்காதவர்கள், பாவா, தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவார்கள் என்றான்.

அதிலிருந்து கஜபதி ஒவ்வொரு நடையும் அந்த இறக்கத்தை என்ஜினை அணைத்தே இறங்கினான்.

அதே ஷெட்டில் ஆறுமுகம் என்று ஒரு டிரைவர். பழைய வண்டி ஓட்டுகிறவன். பெட்டி மாட்டியும் அவன் வண்டி ஒரு துளி கூடுதலாகத் தரவில்லை. கஜாவுக்கு வருகிறது, உனக்கு ஏன் வரவில்லை என்று கோதண்டபாணி கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு காலையில் கேட்பதை நிறுத்திவிட்டு, ஆணியில் தொங்கிய ஃபேன் பெல்ட்டை எடுத்தார். மிச்சமான டீசலை எங்கேடா விற்கிறாய் என்று ஒவ்வொரு அடிக்கும் ஒருதரம் கேட்டார். பெல்ட்டின் விளிம்பு பட்டு ஆறுமுகத்தின் காது மடல் கிழிந்து கழுத்தோடு தொங்கியது. டிரைவர்கள் வட்டமாக நின்று பார்த்தார்கள். வேறு முதலாளிகளும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்குப் பெட்டி கொடுக்க வந்த பிரேமுவும் இருந்தான்.

காதைக் கையால் பொத்திக்கொண்டு ஆறுமுகம் எழுந்தான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. கஜபதியைக் காட்டினான்.

"நான் திருடன்னா, இவன் சூடம் அணைச்சு சொல்லட்டும். மிஷினாலதான் மைலேஜ் வருதுன்னு சொல்லட்டும். இவன் அணைச்சா நான் ஒத்துக்கறேன்."

அந்தப் பக்கத்தில் சூடம் அணைத்துச் சொன்னால் பேச்சு முடிந்தது. எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துப் பொய் சொன்னவன் வீடு விளங்காது என்று, சாமியே இல்லை என்கிறவனும் உள்ளூர நம்புவான். தட்டு வந்தது. வண்டிப் பானெட் மேல் வைத்துச் சூடத்தைக் கொளுத்தினார்கள். கஜபதி சூடத்தைப் பார்த்தான். பிரேமுவைப் பார்த்தான். பிரேமுவின் முகத்தில் ரத்தமே இல்லை. அணைத்தால் முருகன் பேரில் பொய். மறுத்து உண்மையைச் சொன்னால் அந்த வட்டத்துக்குள் அடுத்து விழப்போகிறவன் பிரேமு.

"சூடம் வேணாம் மொதலாளி," என்றான் கஜபதி. "மிஷின் இவன் வண்டியிலயும் வேலை செய்யுது. மிச்சமானதை இவனுக்குத் தெரியாம இறக்கி வித்தது நான்தான்."

இந்தப் பொய்க்கு யாரும் சூடம் கேட்கவில்லை. தட்டில் அது தானாக எரிந்து தீர்ந்தது.

கோதண்டபாணி பெல்ட்டைப் போட்டுவிட்டு ஜாக்கி ராடை எடுத்தார். முழங்காலுக்குக் கீழே அடித்தார். விழுந்தவனை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரையும்விட அதிகமாக அடித்தவன் ஆறுமுகம்தான். தன் காதைக் கிழித்த அதே பெல்ட்டால், கை ஓய்கிறவரை அடித்தான். ஒரு காலத்தில் பல்லை உடைத்த கைகள் அன்றைக்குத் தலையை மட்டும் மூடிக்கொண்டிருந்தன.

வேலையை விட்டு அனுப்பவில்லை. டிரைவர் கிடைக்காத காலம். ஆறுமுகத்தின் பழைய வண்டியைக் கஜபதிக்குத் தள்ளிவிட்டு, திருடாமல் ஓட்டி இதிலும் மைலேஜ் காட்டு என்றார் கோதண்டபாணி. கஜபதி என்ற பெயர் ஷெட்டில் போய்விட்டது. டீசல் என்று கூப்பிட்டார்கள். அவன் கடந்துபோனால் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும்.

சுலோச்சனா அவனுக்கு ஒத்தடம் கொடுத்தபோதுதான் இத்தனையும் வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முதுகில் பெல்ட் தடித்த இடமெல்லாம் கன்றிப்போய், தொட்டால் துடித்தான். அவள் கேட்டாள், ஊருக்கு முன்னால் திருடனாக நிற்க உனக்கு எப்படி மனசு வந்தது என்று.

"நான் அடி வாங்கிப் பழகினவன். அவன் வாங்கினா செத்துடுவான்," என்றான். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டான்.

வாக்குக் கொடுத்தாளே தவிர அவளுக்கு ஆறவில்லை. கூடத்தில் அவள் பக்கத்துத் தறிப் பெண்கள்கூட உதட்டை அவள் பார்க்காத பக்கம் திருப்பிக்கொண்டு பேசினார்கள். பழைய வண்டியை இறக்கத்தில் அணைத்து ஓட்டுகிறான் என்று தெரிந்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சனியனைக் கழற்றி முதலாளி மேஜையில் வீசிவிட்டு, வேறு வேலை பார், கல்லுடைத்தாவது பிழைக்கலாம் என்று சண்டை போட்டாள். தினமும் போட்டாள். கடைசியாக ஒரு நாள், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "ஆங், நாளைக்குக் கழட்டிடறேன். கழட்டிக் குடுத்துட்டு கியரு போட்டே இறங்கறேன், போதுமா?" என்றான்.

அவன் சொன்ன அந்த நாளைக்குத்தான் பதினொரு மணிக்குப் போன் வந்தது.

உடம்பு மறுநாள் வந்தது. ஆஸ்பத்திரியில் அவன் சட்டைப் பையில் இருந்ததை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். சீப்பு, பீடிக்கட்டு, சின்னதாக ஒரு இரும்புத் துண்டும் திருகும். அவள் அதைப் பார்க்கும் நிலையில் இல்லை.

வீட்டு வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். முகத்தை மூடியிருந்தார்கள். கூட்டம் குறைவு. திருடன் சாவுக்கு வருகிற கூட்டம்தான். கோதண்டபாணி மாலையோடு வந்தார். போட்டுவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார். "இந்தாம்மா சுலோச்சனா. செத்தவன் மேல எனக்குக் கோவம் கிடையாது. அவன் திருடினதெல்லாம் மன்னிச்சிட்டேன். மனசுல வெச்சுக்காத."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். வாக்கு அவனுக்குக் கொடுத்தது. அவன் முகம் மூடிக் கிடக்கிறான். பிரேமு தலைமாட்டில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். அவனைப் பார்த்து, சுவரோரம் நின்றிருந்த ஆறுமுகம் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் சத்தத்துக்கு நடுவே உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துப் பழகியவள் அவள்.

"அன்னிக்கு ஷெட்ல மாமனை அறைஞ்ச கை, இன்னிக்கு மாரை அடிச்சுக்குது பாரு."

சுலோச்சனா எழுந்து அவனிடம் போனாள். என்ன சொன்னாய் என்று கேட்டாள். ஆறுமுகம் தயங்கித் தயங்கிச் சொன்னான். அன்றைக்கு எல்லாரும் அடித்து முடித்த பிறகு கோதண்டபாணி பிரேமுவைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டு ஆள்தானே, நீயும் ஒன்று போடு, அப்போதுதான் நீயும் கூட்டில்லை என்று நம்புவேன் என்றாராம். பிரேமு நின்றானாம். கீழே கிடந்த கஜபதிதான் கன்னத்தைத் தூக்கிக்கொடுத்து, அடிடா என்றானாம். பிரேமு அறைந்தானாம்.

இதைக் கஜபதி அவளிடம் சொல்லவில்லை. முதுகில் ஒவ்வொரு தடிப்புக்கும் யார் என்று சொன்னவன், கன்னத்தை மட்டும் சொல்லாமல் போயிருக்கிறான்.

அவள் பிணத்தின் தலைமாட்டுக்கு வந்தாள். விளக்குக்குப் பக்கத்தில் இருந்த சூடத்தை எடுத்துத் தட்டில் வைத்துக் கொளுத்தினாள். தட்டைத் தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மிஷின் வேலை செய்யுதுன்னு சொல்லி அணை."

"அக்கா, வேணாங்க்கா."

"அன்னிக்கு அவரு அணைக்கல. ஏன் அணைக்கலன்னு உனக்குத் தெரியும். அணை, இல்லன்னா சொல்லு."

பிரேமுவின் கை எழுந்து சூடத்துக்கு மேலே வந்தது. அங்கேயே நின்றது. தட்டு சூடேறி அவள் விரல் வெந்துகொண்டிருந்தது. அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை. அவன் கையை இழுத்துக்கொண்டான். பிறகு சொன்னான். துண்டு துண்டாக, மூக்கைச் சிந்திக்கொண்டே, பாவா முதல்நாள் எப்படி ஓட்டினார், பெட்டியைக் கழற்றி ஓட்டியபோது என்ன வந்தது, ஏன் திருடன் என்று ஒத்துக்கொண்டார், எல்லாவற்றையும் சொன்னான். பாவா ஒரு சொட்டு எடுத்ததில்லை என்று சொல்லும்போது தலையைக் குனிந்து முனகினான். மறுபடி சொல்லு என்றாள். மறுபடி சொன்னான்.

முதலில் உதைத்தது ஆறுமுகம். உட்கார்ந்திருந்தவனின் வாயில் குதிகாலால் உதைத்தான். பெட்டி வாங்கியிருந்தவர்கள், வாங்கியவர்களிடம் அடி வாங்கியவர்கள், ஒன்றுமே வாங்காதவர்கள் எல்லாரும் பாய்ந்தார்கள். பந்தல் கால் சாய்ந்தது. பிரேமுவைத் தெருவுக்கு இழுத்துப்போனார்கள். அவன் பல் ஒன்று வாசற்படியில் கிடந்தது. அக்கா என்று ஒருதரம் கத்தினான். பிறகு கத்தவில்லை. யாரோ ஒருவன் அவன் வலது கையைக் கல்லின் மேல் வைத்து மிதிக்கப்போனான்.

அதுவரை அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அப்போதுதான் போய் நடுவில் நின்றாள்.

"கையை விடுங்க. அவருக்குக் கொள்ளி வெக்க வேற ஆளில்ல."

விட்டார்கள்.

கோதண்டபாணி, சாவு வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று செருப்பைத் தேடினார். ஆறுமுகம் போய்ப் பாடையின் முன்பக்க மூங்கிலைத் தோளில் வாங்கிக்கொண்டான். கிழிந்து தையல் போட்டிருந்த காது மூங்கிலில் உரசி ரத்தம் வந்தது. அவன் தோள் மாற்றவில்லை. ஒரு கண் மூடி, உதடு பிளந்து, நடக்க முடியாத பிரேமுவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். தெருவில் டீசல் என்று யாரும் சொல்லவில்லை. கஜபதி போறான், கஜபதி போறான் என்றுதான் சொன்னார்கள்.

பிரேம்குமார் இப்போது ஊரில் இல்லை. மணவூரில் ரயில் ஏறியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். கோதண்டபாணியின் வண்டிகளில் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. மலையில் வைத்து எடுத்துவந்ததைக் கழற்ற அவருக்கு மனசு வரவில்லை என்கிறார்கள்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டபோது, சுலோச்சனா பின்பக்கம் போய் அந்த வண்டியைப் பார்த்தாள். கேபின்தான் இல்லையே தவிர, டேங்க்கும் பைப்பும் அடிபடாமல் இருந்தன. ஜல்லி ஏறிக்கொண்டிருந்தபோது கஜபதி ஸ்க்ரூ டிரைவரோடு டேங்க்குப் பக்கத்தில் குந்தியிருந்தான் என்றும், அடுத்த வண்டி உள்ளே வர ஹாரன் அடித்ததால் எழுந்து வண்டியை எடுத்துவிட்டான் என்றும் குவாரியில் சொல்லியிருந்தார்கள். பெட்டி வண்டியில் இருந்ததால் அந்த நடைக்கும் மைலேஜ் காட்ட வேண்டியிருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கவரை எடுத்து அந்த இரும்புத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குனிந்தாள். நீலப் பெட்டி பைப்பிலிருந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. ஒரு ஓரத்தில் கிளிப் இல்லை, அது அவள் உள்ளங்கையில் இருந்தது. மறு ஓரத்தில் குங்குமம் வைத்த கிளிப் அப்படியே இருந்தது. அதன் திருகு பாதிவரைதான் கழன்றிருந்தது.